பார்க்கும் இடத்தில் உடைசல்

வலிக்காது. நான் சொல்கிறேன் பாருங்கள், வலிக்கவே வலிக்காது. நீங்கள் கண்ணைத் திறக்க வேண்டாம், சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள் அல்லவா, மூடியபடியே இருங்கள். நர்ஸ் உங்களிடம் சொல்லிவிட்டுப் போனது எனக்கும் காதில் விழுந்தது. சர்க்கரை. கண்ணுக்குள் ரத்தக் கசிவு. லேசர் வைத்து அடைக்கப் போகிறார்கள். அவ்வளவுதானே. லேசர் என்ற வார்த்தை வந்ததும் உங்கள் கால் ஆட ஆரம்பித்தது, பெஞ்சு முழுக்க ஆடியது. அதனால்தான் பேச்சுக் கொடுத்தேன். மற்றபடி நான் வலியப் போய்ப் பேசுகிற ஆள் இல்லை.

லேசர்தான் என் தொழில். டாக்டர் இல்லை, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். கண்ணாடிக்கு லேசர் வைக்கிறவன். தணிகைவேல் என்று பெயர். இதே ஓசூரில் ஒரு கம்பெனி. நீங்கள்?

மினி பஸ்ஸா? தளி ரூட்டா? சரிதான். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் உங்கள் பஸ்ஸில்தான் தொங்கிக்கொண்டு வருகிறார்கள்.

கண் போனால் ஸ்டியரிங் போச்சு என்கிறீர்கள். வாஸ்தவம். எனக்கும் இன்றைக்கு அதே கதைதான். கண் நன்றாக இருக்கிறது என்று இங்கே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் நாளைக்கு என்னை லேசர் அறைக்குள் விடுவார்கள். அட்டையைக் காட்டினால் திறக்கிற கதவு அது. என் அட்டைக்குத் திறக்காதபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, செங்கல் அடுக்கும்போதே பக்கத்தில் நின்று நான் கட்டின அறை. இருக்கட்டும்.

என் கண்ணில் ஒன்றும் இல்லை. இது ஒரு பெண் பார்த்த வேலை. அவளும் வந்திருக்கிறாள். அதோ, மருந்துக் கவுண்டர் பக்கம்... நீங்கள் பார்க்க முடியாது, நானே சொல்கிறேன். நீலத் துப்பட்டா. தஸ்னீம் என்று பெயர், வாணியம்பாடிப் பெண், எனக்குக் கீழே வேலை பார்த்தவள். என் பை, என் பர்ஸ் எல்லாம் அவள் கையில்தான் இருக்கிறது. துணைக்கு ஆள் இல்லாமல் மருந்து விட மாட்டார்களாம் இங்கே. எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? மனைவியும் மகளும் அங்கேயே இருக்கிறார்கள். சண்டை ஒன்றும் இல்லை. நான் போகிறேன் என்றேன், நாங்கள் வரவில்லை என்றார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வோம். அவ்வளவு.

கம்பெனியில் சாருடன் யார் போகிறீர்கள் என்று கேட்டபோது இவள்தான் கையைத் தூக்கினாளாம். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள். வேறென்ன.

கதையாகவே சொல்கிறேன், உங்களுக்கும் நேரம் போகும்.

எங்கள் கண்ணாடி ஜன்னல் கண்ணாடி இல்லை. அதில் மணலே கிடையாது. கந்தகமும் பாஷாணமும் சேர்த்து உருக்கினது. ஆமாம், விஷம்தான். உடைந்தாலும் குப்பையில் போடக்கூடாது. பார்க்க ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கும். சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடுகிற வெப்பக் கதிரை இது தடுக்காமல் உள்ளே விடும். அதனால் நட்சத்திரம் ஆராய்கிறவர்களுக்கு இது வேண்டும். ஒரு வானாய்வுக் கூடத்திலிருந்து எங்களுக்கு ஆர்டர். விரல் நீளத் துண்டு, அதற்குள்ளே ஒளி ஓடுவதற்கு வாய்க்கால் வெட்டித் தர வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால்.

எப்படி வெட்டுவது? சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் காட்டிப் பேப்பரைப் பொசுக்கியிருப்பீர்கள். வெயில் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் போகிறது, கண்ணாடிக்கு ஒன்றும் ஆவதில்லை. எல்லாம் போய்ச் சேருகிற புள்ளியில்தான் சூடு. அந்தப் புள்ளியைக் கொண்டுபோய்க் கண்ணாடித் துண்டுக்கு உள்ளேயே விழவைத்தால்? அதுதான் எங்கள் வேலை. லேசர் மேல்பக்கத்தைத் தொடாமல் தாண்டிப் போய் உள்ளே எழுதும். தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். ஒரு கீறல் இருக்காது. உங்கள் பஸ் கண்ணாடியில் கல் பட்டால் தளி வரைக்கும் தெரியும். இதில் வெளியே ஒன்றும் தெரியாது.

உங்கள் கண்ணிலும் அப்படித்தான் செய்யப் போகிறார்கள். முன்பக்கத்தைத் தாண்டிப் போய்ப் பின்னால் இருக்கிற திரையில்தான் சுடும். பயமே வேண்டாம்.

எங்கள் லேசரை மட்டும் கண்ணால் பார்க்க முடியாது. தெரிகிற வெளிச்சம் என்றால் கண் தானாக இமைத்துக்கொள்ளும். தெரியாத வெளிச்சத்துக்கு அது எதற்கு இமைக்கப் போகிறது? அதனால் காகிள்ஸ் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எங்களுக்குக் கொடுத்திருக்கிற காகிள்ஸும் ஆரஞ்சு நிறம். ஆரஞ்சுக் காகிள்ஸ் வழியாக ஆரஞ்சுக் கண்ணாடியைப் பார்த்தால் என்ன தெரியும்? துண்டு எங்கே முடிகிறது, மேஜை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. விளிம்பு தெரியாமல் கோடு எப்படிப் போடுவது? அதனால் விளிம்பைப் பிடிக்கிற நேரத்துக்கு மட்டும் காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வோம். லேசரைக் குறைத்து வைத்துக்கொண்டுதான். எல்லாரும் செய்கிறதுதான் இது. ஜெர்மனியிலும் செய்வார்கள். செய்யக்கூடாது என்று சுவரில் பலகை மாட்டிவிட்டு, அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று செய்வார்கள்.

தஸ்னீம் மட்டும் செய்ய மாட்டாள். லேசரை முழுசாக அடைப்பாள், அறை விளக்கைப் போடுவாள், காகிள்ஸைக் கழற்றி விளிம்பைக் குறித்துக்கொள்வாள், மறுபடி காகிள்ஸ், மறுபடி லேசர். ஒவ்வொரு துண்டுக்கும் இந்தப் பூஜை. "நீ இப்படிச் செஞ்சுக்கிட்டிருந்தா அந்த நட்சத்திரமே அணைஞ்சுபோயிடும்" என்பேன். "அணைஞ்சா வேற நட்சத்திரம் பார்த்துக்கட்டும் சார், நெறைய இருக்குல்ல" என்பாள். அப்போதெல்லாம் நன்றாகத்தான் இருந்தோம். அவள் வீட்டிலிருந்து ரம்ஜானுக்கு எனக்குத் தனியாக ஒரு டப்பா பிரியாணி வரும்.

ஐப்பசியில் ஒரு நாள். மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. போனால் லேசரை முதலிலிருந்து எழுப்ப வேண்டும், அது எழுந்து நிதானத்துக்கு வர வெகு நேரம் பிடிக்கும். அலுத்துப்போய்விட்டது. காகிள்ஸை ஏற்றிவிட்டுக் குனிந்து விளிம்பைத் தேடினேன். துண்டு கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது. தலைக்குள் ஒரு சத்தம் கேட்டது. கடுகு பொரிகிற மாதிரி. ஒரே ஒரு கடுகு. "என்ன சார்?" என்றாள். "ஒன்றும் இல்லை" என்றேன். ஒன்றும் இல்லைதான். எரிச்சல் இல்லை, கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை. கொஞ்ச நேரம் ஒரு பொட்டு மிதந்தது. ட்யூப்லைட்டைப் பார்த்தால்கூட மிதக்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், லேசரில் வலி என்கிற பேச்சே கிடையாது என்பதற்காகத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த மழைக்காலத்தில்தான் அவள் வேலை கெட ஆரம்பித்தது.

அவள் கோடு போடுவாள், நான் பரிசோதிப்பேன். அதுதான் ஏற்பாடு. என்னிடம் ஒற்றைக் குழல் மைக்ராஸ்கோப் ஒன்று இருக்கிறது, ஜெர்மனியிலிருந்தே கொண்டுவந்தது. வலது கண்ணை வைத்து, இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பேன். இத்தனை வருஷப் பழக்கம். அன்றைக்குப் பார்க்கிறேன், கோடு நடுவில் விட்டுப்போயிருக்கிறது. இரண்டு பக்கமும் கோடு வருகிறது, நடுவில் சாம்பல் பூத்த மாதிரி ஒன்றும் இல்லை. உடைந்த வாய்க்காலில் ஒளி ஓடாது. "தஸ்னீம், இது ஆகாது" என்றேன். அடுத்த துண்டு. அதிலும் உடைசல். அதற்கடுத்ததிலும்.

அவள் வந்து பார்த்தாள். "எங்க சார்? எனக்குத் தெரியலியே" என்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. போட்டவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு விஷயம் கவனித்தேன். போகிற போக்கில் பார்த்தால் கோடு சரியாக இருக்கிற மாதிரிதான் இருக்கும். எந்த இடத்தை உற்றுப் பார்க்கிறேனோ சரியாக அந்த இடத்தில்தான் உடைந்திருக்கும். அலட்சியமாகச் செய்த வேலை அப்படித்தான். உற்றுப் பார்க்கிறவனுக்கு மட்டும்தான் அது தெரியும். இதை அவளுக்கே சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வை எனக்கு அப்போது பிடிக்கவில்லை.

மைக்ராஸ்கோப்பில் கேமராவை மாட்டித் திரையில் போட்டுக் காட்டினாள். திரையில் உடைசல் இல்லை. நானும் பார்த்தேன், இல்லைதான். "திரையை நம்பாதே" என்றேன். "விட்டுப்போன இடத்தைக் கம்ப்யூட்டர் தானே நிரப்பிவிடும். அதற்கு எது இல்லையோ அது இருக்கிற மாதிரிக் காட்டத் தெரியும். கடைசியில் எதையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும்." சரி சார் என்றாள்.

ஆகாத துண்டுகளைப் போட ஒரு இரும்பு டிரம் இருக்கிறது. விஷக் கண்ணாடி அல்லவா, மூடி போட்டுப் பூட்டி வைக்க வேண்டும். மூடியில் ஒரு துளை. அதில் போட்டால் டங்கென்று ஒரு சத்தம். முன்னெல்லாம் மாதத்துக்கு ஒன்று விழுந்தால் பெரிது. அந்தக் கார்த்திகையில் தினமும் டங் டங் என்று கேட்டது. வெளியே பையன்கள் அதற்கு சாரோட உண்டியல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னிக்குக் காணிக்கை எவ்ளோ?" என்று கேட்டுக்கொள்வார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குக் கோபமே வருவதில்லை, சில வருஷமாக. மனைவி இதைத்தான் ஒரு குறையாகச் சொல்வாள்.

சிரிக்காதீர்கள், மருந்து வழிகிறது. தோள்துண்டால் துடைக்காதீர்கள். இந்தப் பஞ்சை வாங்கிக்கொள்ளுங்கள்.

இதோ, டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள், பார்த்தீர்களா. என் கையில் வைத்து, விரலை மடக்கிவிட்டுப் போகிறாள், குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி. கேன்டீனில் ஒருநாள் டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டேன். அந்த மேஜை கோணல். அதிலிருந்து இப்படித்தான். நீங்கள் குடிக்கிறீர்களா? சர்க்கரை போட்டிருக்கிறாள். வேண்டாம் அப்போது.

எங்கே விட்டேன்? ஆங். ஒரு நாள் காலையில் அவள் ஒரு துண்டை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, "பாருங்க சார், இதுல எப்படி இருக்கு?" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. பார்த்தேன். "உடைந்திருக்கிறது" என்றேன். "நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார்." "நன்றாகப் பார்த்துத்தான் சொல்கிறேன், நடுவில் இல்லை." அவள் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அது எங்கள் கண்ணாடியே இல்லை. மைக்ராஸ்கோப்போடு வந்த அளவுகோல். அளவு சரிபார்க்கக் கம்பெனிக்காரன் கோடு போட்டுக் கொடுக்கிற சில்லு. அதில் உடைசல் இருக்கவே முடியாது என்பது அவள் எண்ணம்.

"அப்போது இதுவும் கெட்டுப்போயிருக்கிறது" என்றேன்.

அவள் அந்தச் சில்லைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அப்புறம் ரொம்ப மெதுவாக, "சார், இன்னொரு கண்ணால பாருங்களேன்" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள். உங்கள் பஸ்ஸில் நேற்று வந்த கண்டக்டர் பையன் உங்களிடம் வந்து, அண்ணே, ஸ்டியரிங்கை இப்படிப் பிடியுங்கள் என்றால்? எனக்குப் பொறி வைத்துப் பார்த்திருக்கிறாள். எலிக்கு வைக்கிற மாதிரி. நான் இன்னொரு கண்ணால் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

மேனேஜர் ஹெக்டேயிடம் போய், இந்தப் பெண்ணை லேசர் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். ஹெக்டே மங்களூர்க்காரர், தமிழை ஜாக்கிரதையாகப் பேசுவார். "தணிகை, நல்ல பொண்ணு அல்லவா அது?" என்றார். "நல்ல பெண்தான், கை சரியில்லை" என்றேன். கண்ணாடி கழுவுகிற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். எம்.எஸ்சி. இயற்பியல். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு காலையிலிருந்து தொட்டியில் துண்டுகளை அலசிக்கொண்டிருப்பாள். நான் தாண்டிப் போகும்போது எழுந்து நிற்பாள். ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. மறுபடி அறைக்கு வருகிறேன் என்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் நானே உட்கார்ந்து கோடு போட்டேன். அதுவும் உடைந்தது. நான் போட்டதுகூட. மழை ஈரம், கண்ணாடியே சரியில்லை, புதுச் சரக்கு வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஆர்டர்காரர்கள் ஹெக்டேயைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? என்னைக் கேட்காமல் உண்டியலைத் திறந்திருக்கிறார். அதிலிருந்து துண்டுகளை எடுத்துத் துடைத்து, ஆர்டர்காரர்களுக்கே அனுப்பிவிட்டார். ஒளியை விட்டுப் பாருங்கள், எது தேறுகிறதோ வைத்துக்கொள்ளுங்கள் என்று. அவர்கள் எல்லாமே நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டார்கள். எல்லாமே. தஸ்னீம் போட்டது, நான் போட்டது, எல்லாம்.

நான் என்ன சொல்ல? அவர்களுக்கும் பார்க்கத் தெரியவில்லை.

"கோவிச்சுக்காதீங்க தணிகை" என்றார் ஹெக்டே. "லேசர் ரூம்ல இருக்கிறவங்களுக்கு வருஷா வருஷம் கண் டெஸ்ட் எடுக்கணும்னு ரூல் இருக்கு. நீங்க வந்ததிலிருந்து எடுக்கவே இல்ல. ஒரு தடவை போயிட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் ரூம் வேண்டாம். சீட்டு வந்ததும், அந்தப் பொண்ணை எங்க போடறதுன்னு அப்பறம் முடிவு பண்ணலாம்." கண் டெஸ்ட் என்ற யோசனை அவருக்குத் தானாக வந்திருக்குமா? வந்திருக்காது. யார் காதில் ஓதினார்கள் என்று எனக்குத் தெரியாதா?

அதுதான் கதை. சீட்டு வந்தால் நான் உள்ளே, அவள் தொட்டியில். சீட்டு வராவிட்டால் அவள் உள்ளே. நான் எங்கே என்று தெரியவில்லை. அந்த அறை இல்லாவிட்டால் நான் இந்த ஊரில் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அங்கே திரும்பிப் போவதற்கும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்க வேண்டும். இல்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

என்ன கேட்டீர்கள்? எனக்கு இன்னும் சொட்டு விடவில்லையா? இல்லை. அதற்கு முன்னால் ஒரு அட்டையைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மடியில் வைத்திருக்கிறேன். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நடுவில் இருக்கிற புள்ளியைப் பார்க்க வேண்டுமாம். எங்காவது கோடு விட்டுப்போயிருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டுமாம். கோடு பார்க்க எனக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். சரி, பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொள்கிறேன்.

இதில் புள்ளியே இல்லை.

அச்சில் விட்டுப்போயிருக்கிறது. நடுவில் மை பிடிக்கவில்லை. சுற்றிலும் கோடு நன்றாகத்தான் இருக்கிறது, நடுவுக்கு வந்ததும் சாம்பல் பூத்து நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரி முழுக்க இதே அட்டையைத்தான் கொடுப்பார்களா? கொஞ்சம் மேலே பார்த்தால்... இப்போது அங்கே இல்லை. இடது பக்கம்... அங்கேயும்.

இருங்கள். நீங்கள் கண்ணைத் திறக்கக்கூடாது. இல்லையென்றால் உங்களையே கேட்டிருப்பேன்.

தஸ்னீம். இங்கே வாம்மா. பை இருக்கட்டும், கீழே வை. இந்த அட்டையைப் பார். நடுவில் புள்ளி இருக்கிறதா?

இருக்கிறதாம்.

கோடு? எங்காவது உடைந்திருக்கிறதா?

அட்டையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள். அத்தனை நாள் சொன்னவள். சொல்லு, பரவாயில்லை. நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

"உடையலை சார்." நீங்களும் கேட்டீர்கள் அல்லவா? அதே குரல்தான். மைக்ராஸ்கோப் பக்கத்தில் நின்று சொன்ன அதே குரல்.

சரி, புள்ளி எங்கே இருக்கிறதென்று விரலை வைத்துக் காட்டு.

வைத்திருக்கிறாள். கை தெரிகிறது. வளையல் தெரிகிறது. விரலும் தெரிகிறது, பாதி வரைக்கும். கையுறைக்குள் ஊறி ஊறித் தோல் உரிந்திருக்கிறது. நுனி இல்லை. அவள் விரல் நுனி அங்கே இல்லை.

இப்போது இன்னொரு கண்ணால் பார்க்கச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அட்டையை எனக்காகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நானே கையை மாற்றி வலது கண்ணைப் பொத்திக்கொண்டேன்.

இருக்கிறது. புள்ளி இருக்கிறது. நகமும்.

ஒன்றும் இல்லை, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். டீ ஆறிப்போய்விட்டது, அவ்வளவுதான். தஸ்னீம், அந்தத் தொட்டித் தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருக்குமா?

காலையில் மட்டும்தானாம்.

அதோ, உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். உங்களோடு வந்தவர் எங்கே? சாப்பிடப் போனாரா? பரவாயில்லை. தஸ்னீம், இவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போம்மா. டாக்டர் அறை வாசலில் ஒரு படி இருக்கிறது, நான் வரும்போது கால் தடுக்கியது. மெதுவாக. அவள் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், அவள் சரியாகக் கூட்டிப்போவாள்.

காலை ஆட்டாதீர்கள். வலிக்காது. எனக்கு வலிக்கவே இல்லை.